கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன்: வாத்தியார் வீட்டுக் கருவிகளுக்கு ஒரு கைவைத்தியம்

நான் சமூக அறிவியல் வாத்தியார். வீடு சேலம் அஸ்தம்பட்டி பக்கம், பள்ளிக்கூடம் மேலே ஏற்காட்டில். காலையில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, சாயங்காலம் அதே 20 வளைவை இறங்கி வருகிற பிழைப்பு. கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஒரு நாள் ஸ்மார்ட் கிளாஸில் படம் வராமல் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது இரண்டு பட்டனை அழுத்திப் படத்தை வரவழைத்துவிட்டேன். அவ்வளவுதான், அன்று பிடித்த சனி; ஸ்டாஃப் ரூமில் எது மக்கர் பண்ணினாலும் "சார், இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று என் மேஜைக்கு வந்துவிடுகிறது.

இத்தனை வருடம் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். பெரும்பாலும் பொருள் கெட்டிருக்காது, அதைச் சுற்றியிருப்பதுதான் கெட்டிருக்கும். மலையில் ஈரம், கீழே சூடும் தூசியும், இரண்டு இடத்திலும் கரண்ட், வகுப்பறைக்குள் போனால் சாக்பீஸ் தூள். அதனால் புகார் வாரியாக எழுதியிருக்கிறேன், உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போய்விடுங்கள். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒயர், சார்ஜர், பிளக் மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டு "சரியாயிடுச்சு" என்றால் எது கெட்டது என்று கடைசிவரை தெரியாது, கெட்டுப்போன ஒயர் டிராயருக்குள் நல்ல ஒயரோடு படுத்துக்கிடக்கும்.

"ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டேன், ஏறவே இல்லை"

அதிகம் வருவது இந்தப் புகார்தான். எங்கள் கணக்கு டீச்சர் இதற்காக ஒரு கடையில் 600 ரூபாய் கொடுத்து சார்ஜிங் போர்டையே மாற்றிக்கொண்டு வந்தார், மூன்றே வாரத்தில் மறுபடி அதே கதை. போனை வாங்கி, இன்னொரு போனின் டார்ச்சை அந்த ஓட்டைக்குள் அடித்துப் பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. போனை அணைத்துவிட்டு, மரத்தில் செய்த பல்குத்தும் குச்சியின் நுனியைப் பிளேடால் கொஞ்சம் தட்டையாகச் சீவி, ஓட்டையின் ஓரமாக விட்டு மெதுவாக வெளிப்பக்கம் இழுத்தேன். கம்பளியில் கிள்ளி எடுத்த மாதிரி ஒரு சின்ன வில்லை வந்தது, விரலில் தேய்த்தால் வெள்ளையாகப் பொடிந்தது. சாக்பீஸ் தூளும் கைப்பை நூல் பிசிறும் மலை ஈரத்தில் சேர்ந்து இறுகியிருக்கின்றன. அதுவரை முக்கால்வாசியில் நின்ற ஒயர் இப்போது டக்கென்று உள்ளே போய் உட்கார்ந்தது.

சாக்பீஸ் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சேலத்துக்கும் மலைக்கும் நடுவில் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிற மேடுகளுக்கு வெள்ளைக்காரன் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்துவிட்டுப் போனான், ஆனால் அது சாக் இல்லை, மேக்னசைட். நம் கையில் இருக்கிற சாக்பீஸும் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் கிடையாது, ஜிப்சம் மாவு. பாடம் எடுக்கிற பழக்கம் விடமாட்டேன் என்கிறது, மன்னியுங்கள்.

சரி, வரிசைக்கு வருவோம். முதலில் ஒயர் கடைசிவரை உட்காருகிறதா, ஆட்டினால் ஆடுகிறதா என்று பாருங்கள். உட்காரவில்லை என்றால் மேலே சொன்ன குச்சி வைத்தியம். ஊக்கு, ஹேர்பின், குண்டூசி எதுவும் வேண்டாம். டைப்-சி ஓட்டையின் நடுவில் மெல்லிசாக ஒரு நாக்கு இருக்கும், அதில் உலோகம் பட்டுக் கீறினால் அப்புறம் நிஜமாகவே கடைக்குத்தான் போக வேண்டும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் போகும்.

ஓட்டை சுத்தமாக இருந்தும் ஏறவில்லையா, ஒயரை மட்டும் மாற்றுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சார்ஜரில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். அவுட்புட் 5 வோல்ட், 1 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்கினால் 5 வாட். இப்போது வருகிற 5000 எம்ஏஎச் பேட்டரியை அதை வைத்து நிரப்ப ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும், அதுவும் நீங்கள் போனைத் தொடாமல் இருந்தால். பள்ளி டெஸ்க்டாப்பின் பின்னால் சொருகி ஏற்றுகிறவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம், பழைய யுஎஸ்பி ஓட்டை தருவது அரை ஆம்பியர்தான், அதாவது 2.5 வாட். வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டே ஏற்றினால் ஏறுகிறதும் இறங்குகிறதும் சரிக்குச் சரி.

"வோல்டேஜ் கம்மி சார், அதான் ஏறலை" என்று ஒரு காரணம் சொல்வார்கள், அது அனேகமாக இல்லை. சார்ஜரின் இன்புட் இடத்தில் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கும். மலையில் 170-க்கு இறங்கினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பிளக் துளை தளர்ந்து கரகரவென்று சத்தம் வருகிறதா என்று பாருங்கள், குற்றவாளி அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஏப்ரல், மே சேலத்து வெயிலில் இன்னொன்றும் நடக்கும்: பைக் ஹேண்டிலில் மாட்டி வந்த போனை வீட்டுக்கு வந்த கையோடு சார்ஜில் போட்டால் ஏறாது. பேட்டரி சூடாக இருந்தால் போனே ஏற்றுவதை நிறுத்திவைக்கும். கவரைக் கழற்றி அரை மணி நேரம் ஃபேன் காற்றில் வையுங்கள், ஃபிரிட்ஜில் வேண்டாம்.

"சார்ஜில் இருக்கும்போது மட்டும் ஸ்கிரீன் தானாகத் தட்டுது"

பேய் இல்லை, சார்ஜர். மட்டமான சார்ஜர் சுத்தமில்லாத கரண்டை அனுப்பினால் தொடுதிரை குழம்பி விரல் பட்டதாக நினைத்துக்கொள்ளும். ஒயரைப் பிடுங்கியதும் நின்றால் உறுதி. நல்ல சார்ஜர் வாங்குங்கள், திரையை மாற்றச் சொல்கிற கடையில் தலையாட்டாதீர்கள். இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் இப்படி என்றால் அது பழைய சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கலாம், அப்போது ஏற்றாமல் கரண்ட் வந்தபிறகு ஏற்றிக்கொள்ளுங்கள்.

இதன் தம்பி ஒன்று உண்டு: உலோக உடம்பு லேப்டாப்பில் மணிக்கட்டை வைத்தால் மெல்லிசாகச் சுள்ளென்று ஊர்வது. இரண்டு முள் பிளக்கில் இது சகஜம், எர்த் கிடையாது. மூன்று முள் பிளக்காக இருந்தும் வந்தால் அந்தச் சுவரில் எர்த் ஒழுங்காக இல்லை என்று அர்த்தம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இதை நான் கைவைத்தியத்தில் சேர்க்கமாட்டேன்.

"மதியத்துக்குள்ள பேட்டரி காலி"

மலைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கே உரிய நோய் இது. அடிவாரம் தாண்டியதும் சிக்னல் வரும், போகும், ஒரு வளைவில் நாலு கோடு, அடுத்த வளைவில் ஒன்றுமில்லை. சிக்னல் மங்கினால் டவரை எட்டிப் பிடிக்கப் போன் தன் அலையைக் கூட்டி அனுப்பும், இரண்டு சிம் இருந்தால் இரண்டும் அதே வேலையைச் செய்யும், பையிலிருந்தபடியே சூடாகும். அடிவாரத்தில் ஏரோப்ளேன் மோடில் போட்டு மேலே இறங்கியதும் எடுத்துவிடுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன். எதிரில் லாரி வந்து நின்றால் முக்கால் மணி நேரம் எவனும் என்னைக் கூப்பிட முடியாது, அந்த நிம்மதி தனி.

போனின் முதுகு உப்பிக்கொண்டு கவர் பொருந்தாமல் போனால் மட்டும் இந்த வைத்தியம் எதுவும் கிடையாது. உப்பிய பேட்டரியை அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். அணைத்து எடுத்துப்போய் பேட்டரியை மாற்றுங்கள்.

"நெட் இருக்கு, வருகைப் பதிவு ஆப் சுத்திக்கிட்டே இருக்கு"

காலையில் எல்லாப் பள்ளியும் ஒரே நேரத்தில் தட்டுகிற ஆப் கொஞ்சம் சுற்றத்தான் செய்யும். முதலில் ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுங்கள். வைஃபையில் இருந்தால் அதை அணைத்து மொபைல் டேட்டாவில் ஒரு முறை, டேட்டாவில் இருந்தால் வைஃபையில் ஒரு முறை. பழைய எஸ்டேட் பங்களா மாதிரி கல் சுவர் கட்டடமாக இருந்தால் வைஃபை பட்டியலில் 5ஜி என்று முடிகிற பெயரை விட்டுவிட்டு இன்னொன்றைத் தொடுங்கள். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை, வேகம் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டும்.

இங்கே ஒரே ஒரு எச்சரிக்கை. யாரோ யூடியூபில் சொன்னார் என்று ஆப் தகவலுக்குப் போய் கிளியர் டேட்டாவை அமுக்கிவிடாதீர்கள். கிளியர் கேஷ் என்பது குப்பையைக் கூட்டுவது, தாராளமாகச் செய்யலாம். கிளியர் டேட்டா என்பது வீட்டையே காலி செய்வது. நெட் இல்லாமல் பதிந்து, இன்னும் மேலே போய்ச் சேராத வருகையும் மதிப்பெண்ணும் அதோடு போய்விடும். ஒரு முறை நானே அமுக்கிவிட்டு, மூன்று நாள் வருகையைக் காகித ரிஜிஸ்டரைப் பார்த்து மறுபடி ஏற்றினேன். காகித ரிஜிஸ்டரை ஒழித்துவிடாதீர்கள் என்று தலைமையாசிரியர் சொன்னபோது சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

"மெமரி ஃபுல்"

குட்மார்னிங் பூக்கள்தான். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதற்குள் மேனேஜ் ஸ்டோரேஜ். 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாகவும், பலமுறை ஃபார்வர்டு ஆனவை தனியாகவும் அங்கே வரிசையாக நிற்கும். ஃபார்வர்டு வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம், அதில் உங்கள் பிள்ளைகளின் போட்டோ எதுவும் இருக்காது. அப்புறம் மீடியா தானாக இறங்குவதை நிறுத்துங்கள். கேலரியில் அழித்தும் இடம் வரவில்லை என்றால் அழித்தவை டிரேஷில் ஒரு மாதம் உட்கார்ந்திருக்கும், அங்கேயும் போய்க் காலி செய்ய வேண்டும். கூகுள் கணக்கின் 15 ஜிபி என்பது மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து, 2021 ஜூனிலிருந்து போட்டோவும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. மெயில் வரவில்லை என்று ஒரு சார் புலம்பினார், காரணம் அவர் பேத்தியின் பிறந்தநாள் வீடியோ.

"வினாத்தாளைத் திறந்தால் ஒரே கிறுக்கலாக இருக்கு"

இதற்குக் கொஞ்சம் பொறுமையாக உட்காருங்கள். தமிழ் வாத்தியார் மட்டுமல்ல, தமிழ் வழியில் பாடம் எடுக்கும் எல்லாரும் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான்.

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின சாயங்காலம், நாலு ரோடு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. பென்டிரைவைக் கொடுத்தேன், கடைத் தம்பி திறந்தார், எட்டாம் வகுப்பு வினாத்தாள் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சதுர அடைப்பும் கலந்து, வாய்விட்டுப் படித்தால் பல் உடையும்போல் இருந்தது. பின்னால் ஆறேழு பேர் வரிசை. "சார், ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு" என்றார் தம்பி. கரப்ட் ஆகவே இல்லை.

விஷயம் இதுதான். பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்களில் தமிழுக்கென்று தனி இருக்கை கிடையாது. ஆங்கில எழுத்தின் நாற்காலியில் தமிழ் எழுத்தின் படத்தை உட்காரவைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டரில் தமிழ் தெரியும், இல்லாத கம்ப்யூட்டரில் நாற்காலியின் சொந்தக்காரன் தெரிவான். யுனிகோடில் தமிழுக்கென்றே சொந்த இருக்கைகள் உண்டு, எந்த ஊருக்குப் போனாலும் தமிழ் தமிழாகவே இருக்கும். தமிழ்நாடு அரசே 2010-இல் யுனிகோடை ஏற்றுக்கொண்டாயிற்று, நம் வினாத்தாள்கள்தான் இன்னும் பாமினியில் குடியிருக்கின்றன.

கிறுக்கல் எப்படி இருக்கிறது என்று பார்த்தாலே நோய் தெரியும். ஆங்கில எழுத்துக் குவியலாக இருந்தால் பழைய எழுத்துரு. முழுவதையும் தேர்வு செய்து எழுத்துருப் பட்டியலில் பாமினியோ வானவில்லோ இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அதைக் கொடுத்ததும் தமிழ் வந்துவிடும். இல்லாவிட்டால் அந்த எழுத்துருக் கோப்பை நிறுவ வேண்டும், அதனால் வினாத்தாள் போகிற பென்டிரைவிலேயே எழுத்துருவையும் ஒரு பக்கமாக வைத்திருங்கள். எழுத்துக்குப் பதில் வெறும் சதுரக் கட்டங்களாக இருந்தால் அது யுனிகோடுதான், தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் இல்லை. நிர்மலா யூஐ என்று மாற்றுங்கள், தீர்ந்தது. கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும், நடுவில் புள்ளி வட்டம் ஒன்றும் தெரிந்தால் எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள், அந்த மென்பொருளுக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை. பழைய டிடிபி மென்பொருள்களில் இது வரும், வேர்டிலேயே அடித்து பிடிஎஃப் ஆக்கிக்கொள்வது மேல்.

நான்காவது ஒன்று இருக்கிறது, அதுதான் ஆளை அசத்துவது. எழுத்தெல்லாம் சரி, ஆனால் ஒரே பக்கத்தில் முடிந்த வினாத்தாள் இரண்டாம் பக்கத்தில் மூன்று வரி தள்ளி நிற்கும், பொருத்துக வினாவின் இரண்டு பத்தியும் பொருந்தாமல் நிற்கும். நீங்கள் அடித்தது லதா எழுத்துருவில். பழைய விண்டோஸில் லதா தானாகவே இருந்தது, 10-லிருந்து அது கூடுதலாகக் கேட்டு வாங்க வேண்டிய பட்டியலுக்குப் போய்விட்டது. கடைக் கம்ப்யூட்டர் லதாவைக் காணாமல் நிர்மலாவைப் போட்டு ஒப்பேற்றுகிறது, இரண்டுக்கும் அகலம் வேறு.

இத்தனைக்கும் ஒரே மருந்து, கடைக்குக் கொண்டுபோவது பிடிஎஃப்பாக இருக்கட்டும். வேர்டில் சேவ் ஆஸ் கொடுத்து வகையில் பிடிஎஃப். அதை உங்கள் போனில் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், போனில் சரியாகத் தெரிந்தால் கடையிலும் தெரியும். பழைய பாமினி வினாத்தாள்கள் நிறைய கையில் இருந்தால் யுனிகோடு மாற்றி ஒன்றில் போட்டு எடுங்கள். எந்த எழுத்துருவிலிருந்து என்று கேட்கும், தப்பாகச் சொன்னால் வேறு மாதிரிக் கிறுக்கல் வரும், பயப்படாமல் அடுத்ததைத் தேர்ந்தெடுங்கள். மாற்றியபிறகு எண்களையும் கேள்விக்குறிகளையும் ஒரு முறை கண்ணால் பாருங்கள், அங்கேதான் தடுக்கும். புதிதாக அடிக்கப் பழகுகிறவர்கள் தமிழ்99 விசைப்பலகைக்குப் போய்விடலாம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டோடு வந்தது, விண்டோஸ் 10, 11 இரண்டிலும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். ஒரு வாரம் விரல் திட்டும், அப்புறம் பழகிவிடும்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் இன்னொரு வேலை. அந்தத் தம்பி நல்லவர்தான், இருந்தாலும் டெஸ்க்டாப்பில் நகலெடுத்த வினாத்தாளை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் உங்கள் போனில் லிங்க்டு டிவைசஸ் போய் வெளியேறுங்கள். அடுத்து வரிசையில் நிற்பது உங்கள் வகுப்புப் பையனின் அண்ணனாக இருக்கலாம்.

"பிரிண்டர் பேப்பரைக் கடிக்குது, கோடு கோடாக வருது"

பேப்பர் சிக்குவது கீழே சேலத்தில் அபூர்வம், மேலே மழைக்காலத்தில் அன்றாடம். காகிதம் ஈரத்தைக் குடித்து ஓரம் சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டு மூன்றாக உள்ளே போகிறது. ரீமைப் பிரித்து முழுவதையும் டிரேயில் அடுக்காதீர்கள். தேவையான இருபது தாளை எடுத்து, சீட்டுக்கட்டு மாதிரி விசிறி, தட்டி வையுங்கள். மிச்சம் அதன் உறையோடு ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில். நான் சத்துணவுக் கூடத்திலிருந்து வந்த காலி டப்பா ஒன்றை வைத்திருக்கிறேன், மிளகாய் வாசனையோடு வினாத்தாள் வரும், பிள்ளைகள் கேட்டால் கொல்லிமலைக் காகிதம் என்பேன். சிக்கிய தாளைப் பின்பக்க மூடியைத் திறந்து, அது போகிற திசையிலேயே இரண்டு கையாலும் இழுங்கள். ஒரு துண்டு கிழிந்து உள்ளே நின்றால் அடுத்த ஐம்பது தாளும் அங்கேதான் சிக்கும். உள்ளே ரப்பர் உருளை வழவழவென்று இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணீரில் பிழிந்த துணியால் துடையுங்கள்.

கோடு கோடாக வருவது இங்க் டேங்க் பிரிண்டரில், மே மாத விடுமுறை முடிந்து கதவைத் திறக்கும் வாரத்தில். ஒரு மாதம் சும்மா கிடந்ததில் துளைகள் காய்ந்துவிட்டன. நாஸில் செக் என்கிற சோதனைப் பக்கம் ஒன்று எடுத்து, ஹெட் கிளீனிங் இரண்டு முறை, அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முறையும் இங்க் வீணாகி உள்ளே இருக்கிற பஞ்சில் போய்ச் சேருகிறது, பஞ்சு நிறைந்துவிட்டால் பிரிண்டர் வேலைநிறுத்தம் செய்யும். இரண்டு முறைக்குப் பிறகும் கோடு இருந்தால் ராத்திரி அப்படியே விட்டுவிட்டுக் காலையில் மறுபடி பாருங்கள், பாதிக்குப் பாதி அதிலேயே சரியாகிவிடும். விடுமுறையில் வாரம் ஒரு வண்ணப் பக்கம் எடுக்க ஆள் இருந்தால் இந்தப் பாடே இல்லை.

ஆஃப்லைன் என்று காட்டினால் ஒயரையும் ரவுட்டரையும் பாருங்கள், பிரிண்டரைக் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள். வரிசையில் ஒரு பிரிண்ட் சிக்கி, அழித்தாலும் போகமாட்டேன் என்றால் விண்டோஸின் சர்வீசஸில், பிரிண்டுகளை வரிசையில் நிறுத்திவைக்கிற பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, விண்டோஸ் ஃபோல்டர், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போய் அங்கே இருப்பதை மட்டும் அழித்து, ஸ்பூலரைத் திரும்ப ஓட்டுங்கள்.

"புரொஜெக்டரில் நோ சிக்னல்"

நான் பேர் வாங்கிய இடம். விண்டோஸ் பட்டனோடு பி எழுத்தை அமுக்கி, வருகிற பட்டியலில் டூப்ளிகேட். படம் வராவிட்டால் புரொஜெக்டர் ரிமோட்டில் சோர்ஸ் அமுக்கி எச்டிஎம்ஐ ஒன்றா இரண்டா என்று மாற்றிப் பாருங்கள். படம் வந்து சத்தம் வரவில்லை என்றால் சத்தமும் ஒயர் வழியாகப் புரொஜெக்டருக்குப் போய்விட்டது, கீழே மூலையில் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு லேப்டாப் ஸ்பீக்கருக்குத் திருப்புங்கள்.

பத்து நிமிடம் ஓடிவிட்டுத் தானாக அணைந்து சிவப்பு விளக்கு எரிந்தால் மறுபடி சாக்பீஸ். கரும்பலகையும் புரொஜெக்டரும் ஒரே அறையில் குடித்தனம் நடத்தினால் இதுதான். பக்கவாட்டு வடிகட்டியைக் கழற்றி, வெளியே வராந்தாவுக்குக் கொண்டுபோய் பெயின்ட் பிரஷால் தட்டுங்கள், வெள்ளையாகக் கொட்டும். விளக்கு வைத்த பழைய புரொஜெக்டர் என்றால் அணைத்தபிறகு ஃபேன் நிற்கும்வரை மெயின் சுவிட்சைத் தொடக்கூடாது, மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிப்போய் அமுக்குவார்கள், பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள். காலைப் பனியில் லென்ஸ் மங்கியிருந்தால் கர்ச்சீப்பால் தேய்க்காமல், ஓட்டாமல் கொஞ்ச நேரம் அப்படியே விடுங்கள், தானாகவே தெளியும்.

"எந்த வெப்சைட்டும் திறக்கலை, பாதுகாப்பில்லை என்று வருது"

கம்ப்யூட்டர் லேபில் ஒரே ஒரு டெஸ்க்டாப்பில் மட்டும் இப்படி, மற்றதில் நெட் ஜோராக ஓடுகிறது. வைரஸ் என்றார்கள், விண்டோஸ் போட வேண்டும் என்றார்கள். கீழே வலது மூலையைப் பாருங்கள் என்றேன். தேதி 2009 ஜனவரி. ஒவ்வொரு வெப்சைட்டும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் காட்டும், கம்ப்யூட்டர் 2009-இல் நின்றுகொண்டு "இது இன்னும் பிறக்கவே இல்லையே" என்று மறுக்கிறது. தேதியைச் சரி செய்ததும் எல்லாம் திறந்தது. மறுநாள் கரண்ட் போய் வந்ததும் திரும்பவும் 2009.

மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், கடிகாரத்தை உயிரோடு வைத்திருப்பது அதுதான். சிஆர்2032 என்று கேளுங்கள்: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். வாட்ச் கடையிலேயே கிடைக்கும், பெரிய செலவில்லை. பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, ஓரத்தில் இருக்கிற சின்னக் கொக்கியை நகத்தால் தள்ளினால் பழையது துள்ளி வெளியே வரும். எழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி புதியதை வையுங்கள்.

"பென்டிரைவில் இடம் இருக்கு, வீடியோ ஏறமாட்டேங்குது"

பென்டிரைவுக்குள் ஃபைல்களை அடுக்குவதற்குச் சில முறைகள் உண்டு, பழைய ஃபேட்32 முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்தால் ஏறும், ஆனால் பழைய டிவி அதைப் படிக்காமல் போகலாம். அதனால் வீடியோவை இரண்டாக வெட்டுவதே சுலபம். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போகும், சொல்லவில்லை என்று சொல்லாதீர்கள். ஃபோல்டர் எல்லாம் அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் இரட்டைக் கிளிக் செய்யாமல், மறைந்தவற்றைக் காட்டு என்பதைப் போட்டு, உள்ளே ஒளிந்திருக்கிற நிஜ ஃபைல்களை மட்டும் நகலெடுங்கள், வைரஸ் சோதனை ஓட்டுங்கள், அப்புறம் ஃபார்மட்.

"மழையில் நனைஞ்சிடுச்சு"

அணையுங்கள். சிம் தட்டைக் கழற்றுங்கள். ஓட்டை கீழே பார்க்கும்படி உள்ளங்கையில் தட்டி, துடைத்து, ஃபேன் காற்றில் ஒரு நாள். ஹேர் டிரையர் வேண்டாம், சார்ஜ் வேண்டவே வேண்டாம். நனையாத போனில்கூட மலைப் பனிக்கு நீர்த்துளிப் படம் வந்து சார்ஜ் ஏறாமல் நிற்கும், அதுவும் உலர்ந்தால் தானாகப் போகும்.

அரிசியில் புதைக்காதீர்கள். ஆப்பிள் நிறுவனமே வேண்டாம் என்று எழுதிவைத்திருக்கிறது, அரிசித் தூள் உள்ளே போய்விடும். இதை எடுத்துச் சொல்வதற்குள், ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் நனைந்து வந்த என் போனை அம்மா அரிசி டப்பாவில் போட்டு மூடி, மேலே அரைப்படியையும் கவிழ்த்துவைத்துவிட்டார். மறுநாள் போன் உயிரோடு எழுந்தது, சார்ஜ் மட்டும் ஏறவில்லை. டார்ச்சை அடித்துப் பார்த்தால் ஓட்டைக்குள் அரைக் குருணை. பல்குத்தும் குச்சியைத் தேடி எடுத்து, பிளேடால் சீவினேன்.